முழக்கோலும் தராசும்

சுவாமிமலையில் எந்தப் பட்டறை வாசலில் நின்றாலும் காதில் விழும் முதல் கேள்வி, “கிலோ என்ன விலை?” என்பதுதான். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். வீட்டுப் பூஜைக்கு ஒரு பிள்ளையார், ஊர்க் கோயிலுக்கு ஓர் உற்சவர், மகள் கல்யாணச் சீருக்கு ஒரு கிருஷ்ணன் என்று பக்தியோடும் சேமித்த பணத்தோடும் வருகிறவர்கள். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு முழுக் கருத்தே அடங்கியிருக்கிறது. பஞ்சலோகச் சிலை என்பது உலோகம், உலோகத்துக்கு எடைதான் விலை என்பது அதன் ஒரு பாதி. அளவு, கை, ஆயுதம், நிலை எல்லாவற்றையும் சாஸ்திரம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வகுத்துவிட்டது, அதனால் ஸ்தபதி புதிதாகச் செய்ய எதுவும் இல்லை, நாம் சொல்லவும் எதுவும் இல்லை என்பது மறு பாதி. இரண்டையும் சேர்த்தால் முடிவு தானாக வந்துவிடுகிறது: சொல்லிச் செய்யக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பானேன், கடையில் நிற்பதில் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தால் போயிற்று.

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள். கோயில் திருப்பணிக் குழுக்கள் இந்த அடிப்படையிலேயே விலைப்புள்ளி கேட்கின்றன. இந்தக் கருத்து முழுக்கத் தவறு என்பதோடு, இதே காவிரிக்கரையில் சிலை செய்வித்தவர்கள் கடைப்பிடித்த முறைக்கும் நேர் எதிரானது என்பதே என் வாதம்.

முதலில் எடை. எடையைப் பற்றி நம்மைவிட நுணுக்கமாகக் கவலைப்பட்ட ஓர் ஆட்சி இங்கே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். இராஜராஜனும் அவன் அக்காள் குந்தவையும் அரசியரும் அதிகாரிகளும் கொடுத்த ஒவ்வொரு பொன் நகையும் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை கணக்கு எழுதியிருக்கிறார்கள். முத்துகளை வகை பிரித்து எண்ணியிருக்கிறார்கள். நகையில் சேர்ந்த அரக்குக்கும் நூலுக்கும்கூடக் கணக்கு உண்டு. இப்படி எழுதிய அதே கணக்கர்கள் செப்புத் திருமேனிகளிடம் வந்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டு முழக்கோலை எடுத்தார்கள். பாதாதி கேசாந்தம் இத்தனை விரல் உயரம், இத்தனை திருக்கைகள், கனமாக வார்த்ததா பொள்ளலாக வார்த்ததா, கீழே பத்மமும் பீடமும் எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம், சுற்றிலும் திருவாசி உண்டா என்று எழுதினார்கள். பொன்னுக்கு எடை, செப்புத் திருமேனிக்கு வடிவம் என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். உலோகத்தின் மதிப்பு வேறு, உருவத்தின் மதிப்பு வேறு என்பது 1010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சாவூர்க் கோயில் பண்டாரத்துக்குத் தெரிந்திருந்தது.

எடைக்குத் தொழிலில் இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்தபதி தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெய் விட்டுக் காய்ச்சிப் பிசைந்து, அந்த மெழுகில் உருவத்தைச் செய்து முடித்ததும் அதை நிறுக்கத்தான் செய்கிறார். மெழுகின் எடையைப் போல எட்டிலிருந்து பத்து மடங்கு உலோகம் உருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. செம்பு, பித்தளை, ஈயம், பெயருக்குக் கொஞ்சம் வெள்ளி, கொஞ்சம் பொன் என்று மூசையில் இடுவதற்கு அந்த எடை வேண்டும். உலைக்காகப் போட்ட இந்தக் கணக்குதான் எப்படியோ பட்டறை வாசலுக்கு வந்து, செய்கூலியையும் விழுங்கிவிட்டது.

அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மண் அச்சை உடைத்து வெளியே எடுக்கும் திருமேனி சொரசொரப்பாக, கருப்பாக, ஓட்டங்களின் மிச்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் பிறகு அரமும் உளியும் வாரக்கணக்கில் வேலை செய்தால்தான் மூக்கு மூக்காகவும் விரல் விரலாகவும் தெளியும். செதுக்கும்போது உலோகம் உதிர்கிறது. அதாவது, வேலை கூடக் கூடச் சிலையின் எடை குறைகிறது. எடைக்குக் கூலி என்று வைத்துவிட்டால், நன்றாகச் செதுக்குகிறவர் நஷ்டப்படுகிறார், செதுக்காமல் தடிப்பாக விடுகிறவர் லாபம் பார்க்கிறார். இடை கனத்தும், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியும், கண்ணிமை வெறும் கோடாகவும் இருக்கும் திருமேனிகள் இன்று கடைகளில் நிறைந்திருப்பதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று சொல்வது அநியாயம். கிலோ கணக்கு அதைத்தான் கேட்கிறது, அதையே பெறுகிறது. இன்னொன்றும் உண்டு. செம்பின் விலை லண்டன் உலோகச் சந்தையில் ஏறி இறங்குகிறது. அங்கே ஏறினால் இங்கே வாங்குகிறவர் மொத்த விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார். உலோகத்தில் குறைக்க முடியாது. எனவே குறைவது ஸ்தபதியின் நாட்கூலி. கடல் கடந்த சந்தையின் ஏற்ற இறக்கத்தை ஒரு பட்டறைத் தொழிலாளியின் அடுப்பில் கொண்டு வந்து கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சோழர் கணக்கு இதிலும் வேறாக இருந்தது. பெரிய கோயிலில் பணி செய்தவர்களுக்குப் பங்கு வைத்து நெல் அளந்த நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கு ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் நட்டுவர், பக்கவாத்தியக்காரர், கணக்கர், குயவர், தச்சர் எல்லாரும் உண்டு. வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் பெயரோடு அதில் நிற்கிறார். அவருக்கு அளந்த நெல், அவர் தூக்கி வைத்த கல்லின் எடைக்கு அளந்தது அல்ல. ஒரு கைவினைஞன் ஓர் ஆண்டு முழுவதும் கவலையின்றி வாழ எது வேண்டுமோ அதை அளந்தார்கள். நெல் விளையும் நாட்டின் கணக்கு அது.

இனி சாஸ்திரம். இதுதான் பெரிய தடுப்பு. ‘எல்லாம் சாஸ்திரப்படி’ என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேச்சு எழாது. சாஸ்திரம் உண்மையில் என்ன தருகிறது? தாளக் கணக்கு தருகிறது. உத்தம தச தாளத்தில் 124 அங்குலம், பிள்ளையாருக்கு ஐந்து தாளம். இதை ஸ்தபதிகள் ஒடியோலையில் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். செய்யப்போகும் திருமேனியின் உயரத்துக்குத் தென்னங்கீற்றின் ஓலையை நறுக்கி, முகம், கழுத்து, மார்பு, உந்தி, தொடை என்று மடித்து மடித்துக் குறி போட்ட நாடா அது. காகிதமும் அளவுகோலும் இல்லாமலே ஒரு முழு உருவத்தின் விகிதத்தை அந்த ஓலைக்குள் வைத்துவிடலாம். அழகான கருவி. ஆனால் அந்த ஓலை முகத்தின் நீளத்தைச் சொல்லுமே தவிர முகத்தில் இருக்கும் சிரிப்பைச் சொல்லாது. தூக்கிய திருவடி எவ்வளவு உயரம் என்று சொல்லும். அது எவ்வளவு லேசாக எழுந்தது என்று சொல்லாது.

ஒரே இலக்கணத்தில் செய்த நடராஜர்களை ஊர் ஊராகப் பார்த்தவர்கள் இதை ஏற்பார்கள். செம்பியன் மாதேவியார் தம் கணவர் கண்டராதித்தரின் நினைவாகக் கற்றளியாக எடுப்பித்த கோனேரிராஜபுரம் கோயிலின் ஆடவல்லான் ஆள் உயரத்தைத் தாண்டி நின்று பார்ப்பவரை அண்ணாந்து நோக்க வைக்கிறார். சென்னை அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராஜர் அப்படி அல்ல, அவர் உடலில் ஓர் ஒடுக்கமும் வேகமும் உண்டு. தில்லையில் வேறு. நான்கு கை, ஒரு முயலகன், ஒரு தூக்கிய பாதம் என்ற விதி எல்லாருக்கும் பொது. விதி ஒன்றாக இருந்தும் திருமேனி ஒன்றாக இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் முன்னால் நிற்காமல் வரமாட்டார்கள். 1011-ல் எழுந்தருளுவித்த திருமேனி. பக்கத்தில் இருக்கும் அம்மை அடுத்த ஆண்டு வந்தவள். காலைக் குறுக்காக வைத்து, தலைமுடியைப் பாம்புகளோடு தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டி, வலது கையை எருதின் மேல் சாய்த்தபடி நிற்கிறார் இறைவர். எருது இன்று இல்லை. இல்லாத எருதின் மேல் அந்தக் கை சாய்ந்திருக்கும் சுகத்தை எந்த அங்குலக் கணக்கு கொடுத்தது? அதைக் கொடுத்தவன் ஒரு மனிதன். அவனிடம் அப்படி ஒன்றைச் செய்யச் சொன்னவர்களும், ஓராண்டு பொறுத்து அதற்கு இணையாக அம்மையையும் செய்வித்தவர்களும் மனிதர்கள்.

செய்வித்தவர் என்ற இந்த ஆளைத்தான் இன்றைய பேச்சு முழுக்க மறந்துவிட்டது. ‘ஆர்டர் கொடுத்தவர்’ என்றால் காசு கொடுத்தவர் என்று ஆகிவிட்டது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்று ஒருவர் வருகிறார். பொய்கை நாட்டுக் கிழவர், கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்தவர், இன்றைய வார்த்தையில் நிர்வாக அதிகாரி. அவர் செய்வித்த திருமேனிகளின் பட்டியலைப் பாருங்கள். நம்பி ஆரூரரும் நங்கை பரவையாரும், திருநாவுக்கரையரும், திருஞானசம்பந்தரும், இன்னொரு தொகுதியாகச் சிறுத்தொண்டரும் அவர் மனைவி திருவெண்காட்டு நங்கையும் பிள்ளை சீராளனும். அடியார் கதைகளை ஆழ்ந்து கேட்டு, எந்தக் கதைக்கு யார் யார் வேண்டும் என்று எண்ணிப் பார்த்த ஒருவரின் பட்டியல் இது. அவற்றில் ஒன்று மிலாடுடையாராகிய மெய்ப்பொருள் நாயனார். அவரைப் பெயரோடு மட்டும் கல்வெட்டு நிறுத்தவில்லை. அடியார் வேடத்தில் வந்து தன்னைக் குத்தியவனை வெட்டப் பாய்ந்த மெய்காப்பாளன் தத்தனைத் தடுத்து, இவர் நம்மவர் என்று சொன்ன மிலாடுடையார் என்று அந்தக் கணத்தைச் சுட்டியே குறிக்கிறது. சேக்கிழார் பெரிய புராணம் பாடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பு நடந்தது இது. குத்துப்பட்ட நொடியில் எதிரியைக் காப்பாற்றும் முகம் எப்படி இருக்கும் என்று அந்தத் திருமேனியைச் செய்தவன் யோசித்திருப்பான். அந்த யோசனைக்கு விதை போட்டவர் செய்வித்தவர். குந்தவை தம் தந்தை சுந்தர சோழரை, பொன்மாளிகைத் துஞ்சின தேவரை, செப்பில் எழுந்தருளுவித்தார். தகப்பனின் உருவத்தை எந்தக் கடையிலும் முன்கூட்டியே செய்து வைத்திருக்க முடியாது.

இந்த மறதி உலோகத்தோடு நிற்கவில்லை. தஞ்சாவூர் ஓவியத்தை இன்று நீள அகலத்துக்கும் தங்கத் தகட்டுக்கும் விலை பேசுகிறார்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னலைச் சதுர அடிக்கு விலை பேசுகிறார்கள். பூஜை அறைக் கதவுக்கும் மாடிப்படிச் சன்னலுக்கும் வண்ணக் கண்ணாடி பதிப்பது நம் ஊர்களிலும் பரவியிருக்கிறது. கண்ணாடிக்காரரிடம் அளவைக் கொடுத்து, இணையத்தில் எடுத்த மயில் படத்தைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தச் சன்னல் கிழக்கே பார்க்கிறதா மேற்கே பார்க்கிறதா, வெயில் எந்நேரம் அதில் விழும், உள்ளே நிற்பவர் எந்த இடத்திலிருந்து பார்ப்பார் என்பது தெரியாமல் நிறத்தைத் தேர்ந்தெடுக்க எந்தக் கலைஞராலும் முடியாது. பிரான்சின் சார்த்தர் பேராலயத்துச் சன்னல்களில், புனிதர்களின் கதைகளுக்குக் கீழே, செருப்புத் தைப்பவரும் ரொட்டி சுடுபவரும் தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரின் வாழ்க்கை கண்ணாடிக்குள் ஏறியது, கண்ணாடி செய்தவர்கள் தாங்கள் வேலை செய்த ஊரைப் பார்த்ததால்தான். சரபோஜி மன்னர் காலத்தில் தஞ்சாவூரில் செழித்த கண்ணாடி ஓவியத்தையும் நினைத்துக்கொள்ளலாம். கண்ணாடியின் பின்புறத்தில் தலைகீழ் வரிசையில் வரைவது அது. கண், நகை, மெல்லிய கோடுகள் முதலில். உடல் நிறம் பிறகு. பின்னணி கடைசியில். முதல் கோடு போடும் முன்பே முழுப்படமும் முடிவாகியிருக்க வேண்டும். கேட்பவரும் செய்பவரும் முன்னாலேயே உட்கார்ந்து பேசாத வேலைக்கு அங்கே இடமில்லை.

இன்னொரு வாதம் வரும்: சோழர் காலத்தது கலை, இப்போது செய்வது அதன் நகல், நகலுக்கு எடை விலை போதும். இது கேட்கப் பணிவாக இருந்தாலும் பெரிய தீங்கு செய்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014-ல் திருப்பித் தந்தது. அதே மரபில், அதே ஆற்று வண்டலில், அதே முறையில் வார்க்கும் ஒருவருக்கு நாம் கிலோவுக்கு எண்ணிக் கொடுக்கிறோம். ஆயிரம் ஆண்டு பழையதாக ஆனால்தான் கலை என்று ஒப்புக்கொள்வோம் என்றால், இராஜராஜன் காலத்தில் தஞ்சாவூரில் ஒரு கலைப்பொருளும் இருந்திருக்காது. அன்று அவை எல்லாம் புதியவை. மண் உடைத்து எடுத்த சூடு ஆறாதவை.

இந்தப் பழமை மோகத்தின் கேவலமான விளைவு ‘ஆன்டிக் ஃபினிஷ்’. புதிய திருமேனியை அமிலம் பூசிப் பச்சை பிடிக்க வைத்து, புதைந்து கிடந்து எடுத்தது போலக் காட்டச் சொல்கிறார்கள். ஸ்தபதி நாள் கணக்கில் தேய்த்துத் தெளிவித்த முகத்தின் மேல் கறையைப் பூசச் சொல்வது அவர் கையை அவமதிப்பது. அருங்காட்சியகப் புகைப்படத்தைக் கைப்பேசியில் காட்டி அச்சு அசலாக வேண்டும் என்பதும் அதன் உடன்பிறப்பே. புகைப்படம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். திருமேனியோ வீதியில் உலா வரும்போது நான்கு பக்கமும் ஊராரால் பார்க்கப்படுவது. முதுகும் சடையும் பின்பக்கத்து ஆடை மடிப்பும் எந்தப் படத்திலும் இல்லை.

2023-ல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவிய 27 அடி நடராஜரைப் பலரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 18 டன். எட்டு உலோகம். இந்திரா காந்தி தேசியக் கலை மையம் கேட்க, சுவாமிமலை ராதாகிருஷ்ண ஸ்தபதி குடும்பத்தார் தம் ஆட்களோடு ஏழு மாதத்தில் மெழுகு வார்ப்பு முறையிலேயே செய்து முடித்தார்கள். செய்திகள் எல்லாம் டன்னைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சிதம்பரம், கோனேரிராஜபுரம், தஞ்சைப் பெரிய கோயில் என்று மூன்று நடராஜர்களை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள். மூன்றையும் பார்த்து எதிலிருந்து எதை எடுப்பது என்று தீர்மானிக்க ஒரு கண் வேண்டும். சாஸ்திரத்திலேயே எல்லாம் இருந்தால் மூன்று கோயில்களைப் பார்க்க வேண்டிய தேவையே எழாது.

எதிர்த்தரப்பின் கடைசி வாதம்தான் எனக்கு மதிப்பானது. அரசாங்கமும் அரசியும் செய்வித்தார்கள், சரி. ஐந்து அங்குலப் பிள்ளையார் வாங்க வரும் பள்ளி ஆசிரியர் என்ன செய்வார்? கிலோ விலையாவது அவருக்குப் புரிகிறது, ஏமாறாமல் இருக்க ஒரு பிடி அது. இந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பிடி அவரைக் காப்பாற்றவில்லை என்றுதான் சொல்கிறேன். எடை எத்தனை என்று அவருக்குத் தெரிகிறது. மெழுகு கையால் பிடித்ததா, பல உருக்களுக்கும் பொதுவான அச்சில் எடுத்ததா என்று தெரிவதில்லை. எத்தனை நாள் செதுக்கினார்கள் என்று தெரிவதில்லை. அவர் கேட்க வேண்டியவை இவை. உலோகத்தின் விலை தனியே, மெழுகு வேலை தனியே, செதுக்கு வேலை தனியே என்று மூன்றாக எழுதித் தரச் சொல்லலாம். நாணயமான பட்டறை மறுக்காது. கட்டுப்படியாகவில்லை என்றால் உயரத்தை இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம், செதுக்கு வேலையைக் குறைக்கச் சொல்லக் கூடாது. கடையில் தயாராக இருப்பதில் மனதுக்குப் பிடித்த முகம் கிடைத்தால் வாங்குவதும் குற்றமில்லை. முகத்தைப் பார்த்து வாங்கட்டும்.

சொல்லிச் செய்விப்பவர் பேச வேண்டிய நேரம் மெழுகு நிலைதான். மெழுகில் உதட்டைக் கொஞ்சம் ஏற்றலாம், கழுத்தைத் திருப்பலாம், இடையை ஒடுக்கலாம். அதன் மேல் அரைத்த மெல்லிய வண்டலைப் பூசி, வயல் களிமண்ணை அப்பி, கம்பி கட்டி, நிழலில் உலர்த்தி, வறட்டி அடுக்கிச் சுட்டு மெழுகை ஓட விட்டபின் யாரும் ஒன்றும் சொல்வதற்கில்லை. உருக்கிய உலோகம் உள்ளே போய் இறுகியதும் மண்ணை உடைத்தே எடுக்க வேண்டும். அந்த மண்ணும் போயிற்று, மெழுகும் போயிற்று. ஆகவே பணத்தை அனுப்பிவிட்டுச் சிலை வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்காமல், மெழுகு முடிந்தது என்று சொன்ன அன்று ஒரு நடை போய்வர வேண்டும். எங்கே வைத்துப் பூஜிக்கப் போகிறீர்கள், நின்று பார்ப்பீர்களா உட்கார்ந்து பார்ப்பீர்களா, உலா உண்டா, பீடத்தில் தண்டு கோக்கத் துளை வேண்டுமா, அபிஷேகம் தினமுமா விசேஷத்துக்கு மட்டுமா என்பதை எல்லாம் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் அச்சு எளிதில் உலராது. தை மாதக் கும்பாபிஷேகத்துக்குத் தீபாவளி கழிந்து ஓடி வருகிறவர்கள் செதுக்கு வேலைக்கான நாட்களைத்தான் பறிக்கிறார்கள்.

பெயர் விஷயத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். நம் மரபில் சிற்பி பெயர் போட்டுக்கொள்வதில்லை என்று சொல்லி அந்தப் பேச்சை மூடிவிடுகிறார்கள். பெரிய கோயில் சுவரில் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. கோனேரிராஜபுரத்தில் செம்பியன் மாதேவியாருக்காகக் கோயிலைக் கட்டியவர் பெயரையும் கல்வெட்டு சொல்கிறது. இன்று உபயதாரரின் பெயர் விளக்கு, மின்விசிறி, மணி என்று கோயிலில் எல்லாவற்றிலும் பொறிக்கப்படும்போது, திருமேனியைச் செய்தவர் பெயர் எங்கும் இல்லை. இனிச் செய்விக்கும் ஒவ்வொரு திருமேனியின் பீடத்துக்கு அடியிலும் ஸ்தபதியின் பெயர், ஊர், ஆண்டு, செய்வித்தவர் பெயர், விரல் கணக்கில் உயரம் ஆகியவற்றை வெட்டச் சொல்ல வேண்டும். திருட்டுப் போனால் அடையாளம் காட்டவும் அது உதவும். திருப்பணிக் குழுக்கள் விலைப்புள்ளிப் படிவத்தில் எடைக்கு மேலே இந்த வரியைச் சேர்க்க எந்த அரசாணைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.